ஆடுகள் திரும்பி வரும் ஓடுதளம்

மகன் வாஃபிக்கு அப்பா எழுதுவது. ஜெனோவாவின் குளிரில் இறைவன் உன் உடம்பைக் காக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் தங்கைகளும் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே பேசுகிறாய், அம்மா அழுதுகொண்டே போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். காகிதத்திடம் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படி.

பெரியப்பா கைரல்லாஹ்வுக்கு நாற்பதாம் நாள் ஓதியாயிற்று. அவர் பாதியில் விட்ட ஓடுதள நிலத்தை அடுத்த மழைக்கு வந்து அவர் மகன் மிஃப்தாஹோடு சேர்ந்து டிராக்டரில் உழுது முடிப்பேன் என்று சொன்னாயாம். தகப்பனை இழந்தவனுக்குத் தோள் கொடுப்பது நல்லதுதான், ஆனால் இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இடத்தின் கதையை நம் ஆட்கள் பாதிதான் சொல்வார்கள். இரண்டாம் உலகச் சண்டையில் ஆங்கிலேயன் நம் பாலைவனத்து மண்ணை இறுக்கி விமானம் இறக்கினான், ஜெர்மானியன் பிடித்தான், மறுபடி ஆங்கிலேயன் பிடித்தான். ஒவ்வொரு முறையும் ஓடுகிறவன் அடுத்தவனுக்கு உதவக் கூடாதென்று கண்ணிவெடி புதைத்துவிட்டு ஓடினான். எங்கே புதைத்தான் என்று சொல்ல ஒருவனும் திரும்பி வரவில்லை. நம் ஆட்கள் கண்டதெல்லாம், இறுகிய ஓடுதளத்தில் விழுகிற மழை இரண்டு ஓரமும் வழிந்து தேங்குகிறது, அங்கே வாற்கோதுமை இடுப்பளவு வளர்கிறது என்பதுதான். முதல் மழை விழுந்ததும் ஆட்டை ஓட்டிப் பார்ப்பது, ஆடு முழுசாக வந்தால் நிலம் சுத்தம் என்று விதைப்பது, கழுதை பூட்டி உழுவது. இத்தனை காலமும் அப்படியே ஓடிவிட்டது.

இந்த வருஷம் பெரியப்பா டிராக்டரோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன். பட்டாளத்தில் என் வேலையே கண்ணிவெடிதான், இங்கே இருப்பது பீரங்கி வண்டிக்காகப் புதைத்தது, ஆட்டின் பாரமும் கழுதையின் பாரமும் அதற்குப் போதாது, வெடி இல்லாததால் நாம் தப்பவில்லை, பாரம் இல்லாததால் தப்பினோம் என்று சொன்னேன். “ஏண்டா ரஹூமா, ஆடு போகுது, கழுதை போகுது, நீயே செருப்பைத் தேச்சுக்கிட்டு போற, என் டிராக்டர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அவர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். மிஃப்தாஹும் சேர்ந்துகொண்டு, “சித்தப்பா, பயமா இருந்தா கூடாரத்துல போய் டீ போடுங்க” என்றான். பெரியப்பா மூன்றாவது சால் உழுது திரும்பும்போது வெடித்தது. மீதியை எழுத மாட்டேன், அள்ளியவன் நான்.

டிராக்டர் பிடிக்கச் சொன்னது நான்தானே என்று அம்மாவிடம் அழுதாயாம். நீ சொல்லாவிட்டாலும் அவர் பிடித்திருப்பார். அந்தப் பழியைக் கழுவ நினைத்து இங்கே வராதே. வெடி எடுக்க ராணுவத்திடம் கேட்டிருக்கிறேன், வருகிறோம் என்கிறார்கள், வந்தபாடில்லை.

அவர் முன்பே தூவிவிட்டுப் போன விதை இப்போது முளைத்திருக்கிறது, ஏர் உழுது மூடிய இடம்வரை பச்சை, அதற்கப்பால் வெறும் மண். அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. ஆடுகள் மட்டும் தாமாகவே போய் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் ஒன்று குறையாமல் திரும்புகின்றன. அவை திரும்பும்போதெல்லாம் மிஃப்தாஹ் என் முகத்தைப் பார்க்கிறான். எனக்குப் பயமே அதுதான் மகனே, ஒரு ஆடாவது செத்திருந்தால் மண்ணுக்குள் இன்னும் வெடி இருக்கிறது என்று அவன் நம்பியிருப்பான்.

நீ நிற்கிற தரையை இறைவன் உனக்கு உறுதியாக்கித் தரட்டும். பெருநாளுக்கு வா, அம்மா காத்திருக்கிறாள். ஆடெல்லாம் முழுசாக வந்துவிட்டது என்று மிஃப்தாஹ் போன் செய்தால், அவன் தகப்பன் போன அன்றும் ஆடெல்லாம் முழுசாகத்தான் வந்தது என்று சொல். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீ சொல்.

உன் அப்பா,
ரஹூமா