மே மாதத்தில் காலி மைதானம்

ஏப்ரல் 12, 2014, சனிக்கிழமை

இன்று நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன்.

அப்பாவுக்குப் பிடித்த இத்தாலிய கிளப் கால்பந்து அணியின் ஆட்டத்தை இத்தாலிக்கே போய் நேரில் பார்க்க, மே கடைசியில் நாங்கள் இருவரும் போவதாகத் திட்டம். தான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் ஒருவருக்காக நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொடுத்து, அப்பா லீவும் வாங்கிவிட்டார். இன்று நூலகத்தில் விளையாட்டு இதழின் அட்டவணையைப் பார்த்தேன். மே நடுவிலேயே அந்த அணியின் ஆட்டங்கள் முடிந்துவிடுகின்றன.

இரவு சாப்பிடும்போது சொன்னேன். அப்பாவின் கை தோசையில் அப்படியே நின்றது.

“லீவு வுட்டாதானே பாப்பா டோர்னமெண்ட்? நம்ம டவுன்ஷிப் பிளாக் கிரவுண்டுல மே மாசம்தானே நடக்குது?”

“அங்க லீவுல ஆட்டமும் லீவுப்பா.”

“ரெண்டு பேரும் காலி கிரவுண்டுக்குக் காவல் இருந்துட்டு வாங்க,” என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் காலண்டரைப் புரட்டினார்.

“அரையாண்டு லீவுல போலாமா?”

“போலாம்பா,” என்றேன்.

அட்டவணையில் கிறிஸ்துமஸ் வாரக் கட்டங்களும் காலியாகத்தான் இருந்தன. அதை நான் சொல்லவில்லை. அந்த வாரம் ஆட்டக்காரர்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? பக்கத்து அறையில் அப்பா, டிசம்பருக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள இப்போதே யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் சொல்லிவிட வேண்டும். அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டாள்.