கண் திறந்த பாண்டாக் குட்டி

துபாய்

அன்புள்ள நாகஜோதிக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் நலந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

கடிதம் தாமதமானதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. போன மாதம் எங்கள் விலங்குப் பூங்காவில் சிவப்பு பாண்டா ஒரு குட்டி போட்டு, அதை ஒதுக்கிவிட்டது. இமயமலைக் காடுகளிலேயே இந்த இனம் அருகிவருவதால் ஒவ்வொரு குட்டியும் முக்கியம். மலையாளி டாக்டர் என்னிடம், "ஐயப்பா, இனி நீதான் இதுக்கு அம்மா" என்றார். ஏசி அறையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்தேன். மூன்றாம் நாள் அது குடிக்கவில்லை. "கலாஸ்", முடிந்தது என்று எல்லாரும் கைவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மதியம் மெல்லக் குடித்தது. நேற்று கண் திறந்து என்னைத்தான் பார்த்தது.

நம் பாப்பாவின் கண்ணை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். லீவு முடிந்து இங்கே திரும்பும் என் அறைத்தோழன் சரவணகுமாரிடம் அவள் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது.

உன் ஐயப்பன்