தேங்காய்த் தண்ணீர் பாட்டில்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமா என்று எழுதக் கை வரவில்லை. சோதனை முடிவு வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று அத்தான் போனில் சொன்னார். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார். அதற்கு நேரில் சண்டை போடுகிறேன். இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

நம் லேபில் வளர்கிற வாழையைப் பற்றித்தான். வாடல் நோயில் அந்தத் தோப்பே சாய்ந்தபோது தப்பி நின்ற ஒரே வாழை அது. அதன் பக்கக்கன்றை நீங்கள்தான் பெயர்த்து வந்து, குருத்தைப் பிரித்துப் பிரித்து எழுபது பாட்டில்களாகப் பெருக்கினீர்கள். தளிர் விடவைக்கிற ஹார்மோன் பவுடர் தீர்ந்துவிட்டது, அதற்குப் பதில் தேங்காய்த் தண்ணீர் கலந்த வளர்ப்புக் கூழுக்கு எல்லாவற்றையும் மாற்று என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். "இது லேபா, இளநீர்க் கடையா?" என்று மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் மாற்றினேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், எல்லாப் பாட்டிலிலும் கூழுக்குள் பால் தெளித்தாற்போல வெள்ளைப் படலம். ஸ்கேனில் ஏதோ நிழல் தெரிகிறது என்று உங்களிடம் சொன்னார்களே, அதே நாள். உங்களை எப்படிக் கூப்பிடுவேன்? கிருமிதான், லேபில் இருக்கும் மற்றச் செடிகளுக்கும் பரவிவிடும் என்று நானே முடிவு கட்டி, முதல் நடையாக முப்பத்தொரு பாட்டில்களைக் கிருமி கொல்லும் ஆவிப் பாத்திரத்தில் ஏற்றி வேகவைத்துவிட்டேன்.

மிச்சத்தையும் ஏற்ற நான் எடுக்க வந்தபோது, பாட்டில் கழுவுகிற அம்மா கேட்டார்: "ஏம்மா, செடியே வைக்காத பாட்டில்லயும் இதே வெள்ளதானே இருக்கு? அதுக்குமா நோய்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூடி திறக்காமல் வைத்திருந்த வெறும் பாட்டில்களிலும் அதே படலம். உங்கள் நோட்டைப் புரட்டினேன். தேங்காய்த் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, திரிந்து வருவதை வடிகட்டிய பிறகே கலக்க வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் துணியில் வடிகட்டியதோடு விட்டுவிட்டேன். அது கிருமி இல்லை அக்கா, வெறும் வண்டல். பாத்திரத்தைத் திறந்தபோது தளிரெல்லாம் வெந்த கீரையாகக் கிடந்தது. நோய் பரவாமலிருக்கத் தோப்பையும் முழுசாகக் கொளுத்தியாயிற்று. அந்த வாழைக்கு வேறு கன்று இனி எங்கே இருக்கிறது?

மேனேஜரிடம் மறைக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மிச்சத்தையாவது காப்பாத்தும்மா" என்றார்.

கூழ் மாற்றி இன்று ஐந்தாவது வாரம். முப்பத்தொன்பதில் இரண்டு மட்டும் அடிப்பக்கம் கறுத்துப்போயின. மற்ற பாட்டில்களில் நான்கு, ஐந்து என்று தளிர் விட்டிருக்கிறது. பவுடரில் மூன்றைத் தாண்டியதில்லை, இல்லையா? ஆனாலும் வேர் இன்னும் விடவில்லை. நேற்றுத் தோப்புக்காரர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். "பொழைச்சுக்குமா?" என்றார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

லேப் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி அத்தானிடம் தந்திருக்கிறீர்களாம். அவர் அதைச் சொல்லும்போது குரல் சரியாக இல்லை. சாவியை நான் வாங்க மாட்டேன். சோதனை முடிவுக் காகிதம் கையில் வரும் முன் நீங்களாக எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள், அக்கா. நான் கட்டினேன், போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். காகிதம் வந்த அன்றே, அதில் எது எழுதியிருந்தாலும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காகவே உட்கார்ந்திருக்கும்
தங்கை