அஸ்தம்பட்டிக்கு நீங்கள் கொடுத்த இணைப்பு

அக்கா,

இன்று காலை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஃபைபர் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே மஞ்சள் இழைகள் வரிசையாக வளைந்து, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் பிரிந்து போயின. பார்த்தபடி நின்றுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் உடனே போன் செய்து சொல்லியிருப்பேன்.

எண்பதுகளில் சேலத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றில் நீங்களும் நானும் டெக்னீஷியன்கள். நம் இடம் ‘ஃபிரேம்’ அறை. ஆள் உயர இரும்புச் சட்டம். ஒருபுறம் தெருக்களிலிருந்து வரும் கேபிள்கள், மறுபுறம் தொலைபேசி எண்கள். இரண்டையும் சேர்க்கிற ஜம்பர் கம்பிகளோடுதான் நம் பகல் முழுவதும் போகும். கம்பியை இழுத்துக்கொண்டே முந்தின நாள் வைத்த குழம்பை நீங்கள் விவரிப்பீர்கள். எனக்குப் பதினோரு மணிக்கே பசித்துவிடும்.

முதல் பிரசவத்துக்கு அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். அந்த வாரம் ஓயாத மழை. கேபிளில் தண்ணீர் இறங்கி, அந்தப் பகுதியின் பெரும்பாலான போன்கள் செத்துக் கிடந்தன. குழந்தை பிறந்தது, எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இருந்தவர் ஓர் இளம் டாக்டரம்மா மட்டும். என்னை விட்டு நகர முடியாமல், பெரிய டாக்டருக்கு எப்படியாவது தகவல் சொல்லும்படி என் கணவரை அனுப்பினார். அவர் சைக்கிளில் நேராக உங்களிடம்தான் வந்தார்.

நீங்கள் அங்கே இங்கே கேட்டுப் பெரிய டாக்டரைப் பிடித்தீர்கள். அவர் ஓமலூரில் இருந்தார்.

“நான் வந்து சேர நேரமாகும். அதுவரைக்கும் அந்த டாக்டர் பொண்ணுகிட்ட நான் பேசியாகணும். போனுக்கு ஒரு வழி பண்ணும்மா” என்றாராம்.

மருத்துவமனைக்கு அடுத்த வீடு ஒரு மில் முதலாளியுடையது. அவருடைய லைன் மட்டும் உயிரோடு இருந்தது. நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஃபிரேமில் அவருடைய ஜம்பரைக் கழற்றி, அந்த இடத்தில் மருத்துவமனை எண்ணைப் போட்டீர்கள். லைன்மேனை விரட்டிக் கம்பத்தில் கம்பியை மாற்றச் செய்தீர்கள்.

போன் அடித்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. நர்ஸ் ரிசீவரை டாக்டரம்மாவின் காதோடு பிடித்துக்கொண்டே நின்றார். “சரிங்க சார், சரிங்க சார்” என்று நடுங்கிய குரல் மெல்ல மெல்லத் திடமானது. பெரிய டாக்டர் வந்தபோது ரத்தம் நின்றிருந்தது.

மறுநாள் மில் முதலாளி உங்களைத் தேடி வந்ததை லைன்மேன்தான் பிறகு சொன்னார்.

“ஏனுங்க, என்ற லைனை ஆரைக் கேட்டு எடுத்தீங்க?”

“ஆரையும் கேக்கலீங்க. பக்கத்துல ஒரு புள்ள சாகக் கெடந்துச்சுங்க. நாந்தான் எடுத்தேன்.”



“இப்ப எப்படி இருக்குது?”

“பொழச்சுக்கிச்சுங்க.”

“அப்பச் சரி. என்ற லைன் மெதுவா வரட்டும்” என்று கிளம்பிவிட்டாராம்.

அவர் விட்டாலும் அலுவலகம் விடவில்லை. அனுமதி இல்லாமல் இணைப்பை மாற்றியதற்காக உங்களை ஓமலூருக்கு மாற்றினார்கள். செய்தி கேட்டு நான் அழுதேன்.

“அட சாமி, பஸ்ஸுல ஏறித் தூங்கிக்கிட்டே போயிட்டு வந்துருவேன். நீ புள்ளைக்குப் பாலைக் குடு” என்றீர்கள்.

விடுப்பு முடிந்து, நீங்கள் இல்லாத அந்த அறைக்குத் திரும்பினேன். ஓய்வு பெறும்வரை, லைன் வேலை செய்யவில்லை என்று யார் வந்தாலும், எண்ணைக் கேட்பதற்கு முன், “ஊட்டுல ஆருக்காச்சும் முடியலீங்களா?” என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருசிலர் ஆமாம் என்றார்கள். அவர்களுடைய ஜம்பரை முதலில் போட்டேன், அக்கா.