ஸ்வெட்டரில் முட்டைக்கூடு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏலத்தோட்டத்தில் குளிர் தாங்கவில்லை என்று ஸ்வெட்டர் கேட்டிருந்தீர்கள். மலையேறி வரும் இந்த ஜீப்பில் அது வராது. கொடியில் காய்ந்தபோது, நான் வளர்க்கும் கும்பிடுபூச்சி அதன் கழுத்தில் முட்டையிட்டுவிட்டது. நுரை இறுகியது போன்ற கூடு. பிய்த்தால் குஞ்சுகள் பிழைக்காது.

“உங்கப்பன் குளிருல வெறைக்கட்டும், நீ பூச்சிக்குச் சொட்டரு மாட்டிவிடு!” என்று திட்டிக்கொண்டே அம்மா அதைப் பிய்க்கப் போனார். பக்கத்திலேயே தாய்ப்பூச்சி வயிறு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பெத்தவ களைச்சுப்போயிக் கெடக்கா. விடு ஆத்தா” என்று என்னிடம் சொன்னார்.

உள்ளே போய்த் தன் சால்வையை எடுத்துவந்தார். அதைத்தான் அனுப்புகிறோம். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்டது. தோட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பொறுக்க முடியாவிட்டால் இறங்கி வந்துவிடுங்கள் அப்பா. குஞ்சு பொரிப்பதைச் சேர்ந்தே பார்க்கலாம்.

உங்கள் மகள்