செயினைக் கழற்றியவளுக்கு, பெல்ட்டை மாட்டியவன் எழுதுவது

என் செல்லத் தொல்லையே, அக்கா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே நான் கேட்ட எதற்கும் நீ ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. நேராக வழக்குக்கு வருகிறேன். அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாயே, மீதியை யார் மாட்டுவது? நீ மெக்கானிக்கல் படித்தவள். நான் பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல். பக்கத்து வீட்டு பெல்லை அடித்துவிட்டு ஓடத் தெரிந்தவனிடம் பெல்ட்டை மாட்டச் சொன்னால் எப்படி?

எல்லாம் உன் துப்பட்டாவால் வந்த வினை. தினமும் காலையில் அப்பா திருப்பரங்குன்றத்திலிருந்து உன்னை ஏற்றிக்கொண்டு ஒத்தக்கடை போவார். உன்னைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, அங்கேயே இருக்கும் மரக்கடைக்கு வேலைக்குப் போவார். அன்றைக்கு பசுமலை தாண்டும்போது துப்பட்டா வண்டிச் செயினில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. நல்லவேளை, துணி கிழிந்தது, நீ பிழைத்தாய். கிழிசலைப் பார்த்து அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"செயின் பறிப்பு கேள்விப்பட்டிருக்கேன். செயினே பறிச்சத இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். அப்பா இடுப்பு பெல்ட்டில் கைவைத்தார். நீதான் சிரித்து என்னைக் காப்பாற்றினாய்.

அதோடு செயின் மேல் ஒரு கவரை மாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. தெருமுனை மெக்கானிக் பாண்டி அண்ணனும் அதைத்தான் சொன்னார்.

"ஒரு கவரு போட்டா முடிஞ்சுச்சு பாப்பா. இதுக்குப் போயி வண்டியவே மாத்துவாங்களா?"

"கவரு போட்டா எண்ணெய் தெறிக்கிறது நிக்குமாண்ணே? கடகடன்னு கத்துறது நிக்குமா? செயினுக்குப் பதிலா பெல்ட்டு போட்டா எண்ணெயே வேணாம். அதுக்கு மேல கவரும் போட்டுக்கிறேன்."

போட்டுக்கொள்கிறாளாம். லேத் பட்டறையில் பல் வைத்த புல்லிச் சக்கரம் கடையவைத்தாய், என்ஜின் பக்கம் ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. உள்பக்கம் பல் வைத்த தடித்த ரப்பர் பெல்ட் ஒன்றும் வாங்கி வந்தாய். அப்பா ஒரு வார்த்தை தடுத்தாரா? "பிள்ள செய்யட்டும்" என்றார். நான் ரிமோட்டைக் கழற்றினால் மட்டும் "எடு வெளக்குமாத்த."

நீ போன பிறகு அப்பா பஸ்ஸில்தான் போனார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் மாறி ஒத்தக்கடை. வண்டி வாசலில், பின்சக்கரம் இல்லாமல், ஒரு மர ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அவருடைய துண்டைப் போர்த்தியிருந்தார். யாரும் தொடக் கூடாது. பால்காரர் ஒருநாள் சாய்ந்து நின்றதற்குக்கூட முறைத்தார்.

அம்மாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "ஏங்க, ஒன்னு இத ஓட்டுங்க. இல்ல, செயின மாட்டி வித்துருங்க. இப்புடிப் பிரிச்சுப் போட்டுத் தெனமும் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியல."

"செயின் மாட்ட வேணாம்."

"அப்ப பெல்ட்ட மாட்டுங்க."

"அதப் பத்தி எனக்கு என்ன தெரியும். அவளுக்குத்தான் தெரியும்."

அதோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பாதித் தோசை அப்படியே இருந்தது. சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு இளைத்திருந்தார். வண்டியோடு சேர்ந்து மனிதரும் நின்றுபோய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. அதனால்தான் இறங்கினேன். உன் பொறியியல் மீது பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பா வேலைக்குப் போனதும் பாண்டி அண்ணனை இழுத்து வந்தேன். அவர் பெல்ட்டைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"லாக்கு எங்கடா மாப்ள?"

"என்ன லாக்குண்ணே?"

"செயின்னா ஒரு எடத்துல கழத்தி மாட்ட லாக்கு இருக்கும். இது முழு வளையமால்ல இருக்கு. எப்புடி உள்ள விடுறது?"

"வெட்டி உள்ள விட்டுட்டுத் தச்சுரலாமாண்ணே?"

"தைக்கிறதுக்கு இது என்ன பள்ளிக்கூடப் பையாடா? அங்கிட்டுப் போயி ஒக்காரு."

இதை நீ ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் என்கிற இரும்புக் கையை முழுசாகக் கழற்றி, அந்தக் கைக்குள் பெல்ட்டை நுழைத்து, மறுபடியும் பூட்ட வேண்டியிருந்தது. வண்டிக்கு வளைகாப்பே நடத்திவிட்டோம். முடிந்தது என்று பார்த்தால் அடுத்த தலைவலி. இரண்டு புல்லியும் மயிரிழை கோணலாக நின்றன. செயினுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு, கொஞ்சம் கோணினாலும் திட்டிக்கொண்டே வேலை பார்க்கும். பெல்ட்டுக்கு அப்படியே உன் குணம். நேராக வைத்தால்தான் ஓடுவேன் என்று ஓரத்தில் ஏறிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தியது. நூல் கட்டிப் பார்த்து, வாஷர் வைத்து, எடுத்து, திரும்ப வைத்து... பாண்டி அண்ணன் உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

நடுவில் ஒரே ஒரு சந்தோஷம். "அம்மா, செயின எடைக்குப் போட்டுட்டேன்மா" என்று வாசலிலிருந்து கத்தினேன். அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கையில் தோசைத் திருப்பி. விஷயம் புரிந்த பிறகும் அதைக் கீழே போடவில்லை.

சாயங்காலம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி தன் காலில் நின்றது. ரொம்ப நேரம் பெல்ட்டையே பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராகச் செருப்பைக்கூட மாட்டியிருந்தேன். அவரோ ஏறி உட்கார்ந்தார், தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தார்.

"சத்தமே இல்லடா" என்றார். மறுநாள் வண்டியிலேயே ஒத்தக்கடை போனார்.

அந்தச் சத்தமின்மையால் செத்தவன் நான்தான். முன்பெல்லாம் செயின் கடகடவென்று தெருமுனையிலேயே வந்து தகவல் சொல்லும், போனை ஒளித்துவிட்டுக் கணக்குப் பதிவியலைத் திறப்பேன். இப்போது ஆட்டம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பின்னால் நின்று "ஸ்கோரு எம்புட்டுடா?" என்கிறார். முன்பு அப்பா பெல்ட்டைக் கழற்றினால் எனக்குப் பூசை. இப்போது நானே பெல்ட்டை மாட்டிப் பூசை வாங்குகிறேன்.

சரி, பொறுத்துக்கொண்டேன். ஆனால் முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வருகிறேன். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் பெல்ட் முழுக்க எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா செய்யிறீங்க? ரப்பருப்பா அது. ஊறிப்போயி வழுக்கிரும்."

"ஞாயித்துக்கெழமன்னா போடுறதுதானடா."

"எண்ணெயே வேணாம்னுதானப்பா அக்கா இம்புட்டுப் பாடுபட்டுச்சு."

அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார். "அப்ப இதுக்கு நான் ஒன்னுமே செய்ய வேணாமா?"

கேட்டாயா? ஞாயிறுதோறும் அவர் சக்கரத்தைச் சுற்ற, எதிரே உட்கார்ந்து நீதான் சொட்டுச் சொட்டாக விடுவாய். கல்லூரிக் கதையெல்லாம் அப்போதுதான் அவரிடம் சொல்வாய். எந்தப் புல்லிக்கு எத்தனை பல் என்று கணக்குப் போட்டாயே, அந்த ஒரு மணி நேரத்தை எங்கே மாட்டுவது என்று யோசித்தாயா? யோசிக்க என்ன இருக்கிறது, நீதான் கூடவே இருக்கப்போகிறாய் என்று நினைத்திருப்பாய்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாயில் பேஸ்ட்டோடு ஆரம்பித்தேன்.

"செய்யணும்ப்பா. அக்கா சொல்லுச்சு. வாராவாரம் சோப்புத் தண்ணி தொட்டுத் தொடைக்கணும். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவுல கல்லு சிக்கியிருக்கான்னு பாக்கணும். ரெண்டு ஆளு வேணும். ஒரு ஆளு சக்கரத்தச் சுத்தணும்."

"எப்பச் சொன்னா?"

"ஆஸ்பத்திரில."

"என்கிட்டச் சொல்லலியே."

"ஒங்ககிட்டச் சொன்னா மேல ரெண்டு சொட்டு எண்ணெயும் விடுவீங்கன்னு அதுக்குத் தெரியாதா?"

அப்பா சிரித்தார், அக்கா. பழைய மாதிரி, தோள் குலுங்க. துணியும் சோப்பும் எடுக்க அவரே உள்ளே போனார்.

நீ ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் நீ கேட்டது தண்ணீர் மட்டும்தான். அப்பாவின் கனவுக்குப் போனால் தயவுசெய்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே. பதிலுக்கு நான் வாக்குத் தருகிறேன்: ஆட்டம் இருந்தாலும், பரீட்சை இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரே நான் உட்காருவேன். இல்லாத கல்லைத் தேடி அவர் துடைத்துக்கொண்டிருக்கட்டும். அவர் போதும் என்று சொல்லும்வரை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

உன் பெயரில் பொய் சொல்லிப் பிழைக்கும்,
உன் ஒரே தம்பி