என் இடது காலுக்கு ஒரு கிளச்

ஜூன் 16, திங்கள்

காலையில் நுரைச்சோலைக்கு முன்னால் வெங்காய லொறி ஒன்றை முந்தப் போனேன். மூன்றாம் கியர். மிதித்தேன், எஞ்சின் மட்டும் கத்தியது, கார் போகவில்லை. எதிரே கற்பிட்டி பஸ் வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்து, திரும்பவும் லொறிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். கருகிய மணம் உள்ளே வந்தது. தினமும் என்னோடு வரும் றஹ்மா ரீச்சர் தலைத்துணியால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னடி நிஃப்லா, றப்பர் செருப்ப அடுப்பில போட்ட மாதிரி மணக்குது."

"கிளச்."

"அது என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யுதில்ல. அதுதான் பிரச்சினை."

அவள் சிரித்தாள். நான் லொறியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பஸ் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தால்?

ஜூன் 17, செவ்வாய்

பிள்ளைகளுக்கு உராய்வு படிப்பிக்கிறேன், எனக்கு இது விளங்காமலில்லை. எஞ்சின் தரும் முறுக்கைக் கிளச் பிளேட்டால் பிடித்துவைக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

கார் என் கணவர் ஃபைஸலின் ஆசை. போன முறை கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பெரிய டர்போ போட்டு, அந்த அழுத்தமான பூஸ்டைக் கூட்டி, ஒரு எஞ்சினை ஏறக்குறைய இரண்டாக்கிவிட்டுப் போனார். கிளச்சை மட்டும் மாற்றவில்லை. அவர் ஓடுவது லீவில் வரும் ஒரு மாதம். மற்ற நாளெல்லாம் நான்தான், கண்டக்குழி வீட்டிலிருந்து புத்தளம் பாடசாலைக்கும் திரும்பியும். மகள் பேராதனையில் படிக்கிறாள். வீட்டில் நானும் காரும்.

யாரிடமும் சொல்லாத ஒன்று. தலவிலச் சந்தி தாண்டி வீதி நேராகும் இடத்தில் டர்போ விழிக்கும். முதுகு இருக்கையோடு ஒட்டும். நாற்பத்தைந்து வயதில் எனக்கே எனக்கென்று ஒரு கணம் உண்டென்றால் அது அதுதான்.

இன்னொன்றும் சொல்லவில்லை. கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் இடது முழங்காலுக்குள் ஏதோ உரசுகிறது. ரமழானுக்கு முன்பே தொடங்கியது. தொழுகைக்குக் கதிரை எடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

பாலாவியில் சிவகுரு அண்ணனின் கராஜ். வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மனிதர். காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிளேட் முடிஞ்சுது ரீச்சர்" என்றார். பிறகு, எப்போதும்போல ஃபைஸலைச் சொல்லி, "தம்பியிட்டக் கேட்பம்."

எங்கள் வீட்டுக் காரியங்கள் எல்லாம் குரல்பதிவில்தான் நடக்கும். தண்ணீர் மோட்டார், மகளின் விடுதி, கூரைத் தகடு. ஃபைஸல் வேலை இடைவேளையில் பேசி அனுப்புவார். நான் அதை ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவேன். அவர்கள் என் போனுக்குள் பேசுவார்கள்.

இன்றும் அப்படித்தான். "அண்ணன், சாதாரண பிளேட் வேணாம். இந்தப் பவருக்கு அது ஆறு மாசம் நிக்காது. செரமிக் பதிச்ச பிளேட், ரேஸுக்குப் போடுற பிரஷர் பிளேட், ரெண்டையும் இங்க எடுத்துத் தெரிஞ்ச ஆளிட்ட அனுப்புறன்."

சிவகுரு அண்ணன் போனை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார்: "தம்பி சொல்லுறது சரி. பெடல் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பழகீடும்."

யாருக்குப் பழகிவிடும்? அவருக்கா, தம்பிக்கா? போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பெடலை மிதிக்கப்போகிறவளும் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் வில், அந்த ஸ்பிரிங், எவ்வளவு பலமோ, அதை விலக்கும் கால் அவ்வளவு பலமாக இருக்கவேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன். அங்கே நின்று ஒரு வசனம் சொல்ல முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஏன் சொல்லவில்லை?

சில வருடங்களுக்கு முன் மார்பில் ஒரு கட்டி என்று ஃபைஸலிடம் சொன்னேன். பரிசோதனை முடிவு வருமுன்பே ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். கட்டியில் ஒன்றுமில்லை. ஆனால் குளிரூட்டிய அறையில் இருந்த வேலை போய்விட்டது. இப்போது வெயிலில் நிற்கிறார். அன்றிலிருந்து என் உடம்பைப் பற்றி அவரிடம் பேசுவதில்லை என்று எனக்குள் ஒரு சட்டம்.

அது முழு உண்மையா? இல்லை. முழங்கால் என்று சொன்னால் 'காரை நிப்பாட்டு, பஸ்ஸில போ' என்பார். அன்பினால்தான் சொல்வார். அந்த அன்புக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. கார் முற்றத்தில் உறை போட்டு நிற்கும். நான் வாசலில் பஸ்ஸுக்கு நிற்பேன்.

ஓட்டாமல் இருக்க எனக்கு முடியாது. அதுதான் பயம்.

ஜூலை 4, வெள்ளி

அவருடைய நண்பர் ஒருவர் கிளச் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். தூக்கி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். நினைத்ததைவிடப் பாரம்.

ஜூலை 12, சனி

புதுக் கிளச் பூட்டியாகிவிட்டது. சிவகுரு அண்ணன் தானே ஏறி மிதித்துப் பார்த்தார். அவர் கால் தேக்கு மரம். "இனி எவ்வளவு பவர் ஏத்தினாலும் வழுக்காது ரீச்சர். எப்பிடி, மிதிச்சுப் பாருங்கோவன்."

மிதித்தேன். முழங்காலுக்குள் கண்ணாடி நொறுங்கியதுபோல் இருந்தது.

"நல்லா இருக்கு அண்ணன்" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இந்தப் பிளேட்டுக்கு நடுவழி இல்லை. விட்டால் ஒரேயடியாகப் பிடிக்கிறது. பாடசாலை வாசலில் இரண்டு தரம் எஞ்சின் நின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் மதிலில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். மூன்றாம் தரம் கார் முயல்போலத் துள்ளிக் கிளம்பியது. றஹ்மா, "இண்டையில இருந்து ஓதிக்கொண்டே ஏறுறன்" என்றாள்.

வேகமாகப் போகும்போது மட்டும் அற்புதம். வழுக்கவே இல்லை. லொறியை ஒரு மூச்சில் தாண்டினேன். அதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமாகவும்.

ஜூலை 15, செவ்வாய்

மாடி வகுப்பிலிருந்து இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தேன். முதன்முதலாக.

ஜூலை 23, புதன்

டொக்டர் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே இருக்கும் மெத்தை தேய்ந்திருக்கிறதாம். "மனுவல் கார் ஓடுறீங்களா? விட்டிடுங்க."

"விடேலாது டொக்டர்."

"அப்ப பெடல் லேசா இருக்கிற காரா ஓடுங்க."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். படத்தைப் பரீட்சைத்தாள் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். றஹ்மா கண்டுவிட்டாள். அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

ஓகஸ்ட் 1, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

தலவில தேவாலயத்தில் அன்னம்மாள் திருவிழா. பாடசாலை விட்டுத் திரும்பும்போது சந்திக்கு வெகுதூரம் முன்பே வாகனங்கள் நின்றுவிட்டன. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து வான்கள், கூரையில் பாயும் பானையும். ஒரு அடி போவதும் நிற்பதும். மிதி, விடு. மிதி, விடு. முழங்கால் முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயமாக இருந்தது.

முன்னால் நின்ற வானிலிருந்து ஒரு அம்மா தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி, பின்பக்கமாக வந்து முகம் கழுவினார். நான் கியரில் போட்டுப் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் தன்பாட்டுக்கு விட்டுவிட்டது. நான் விடேல்ல. அதுவா விட்டது. கார் துள்ளிச்சு. அந்த மனுசி ரெண்டு கையையும் பொனட்டில ஊண்டினா. எஞ்சின் நிண்டிட்டுது. நிண்டதால தப்பினா, இல்லாட்டி வானுக்கும் காருக்கும் நடுவில — யா அல்லாஹ்.

நான் இறங்கிப் போய் அவரின் கையைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் நனைந்த முகத்தோடு, சிங்களத்தில், "கமக் நே மிஸ், கமக் நே" என்று, பரவாயில்லை பரவாயில்லை என்று, என் தோளைத் தட்டினார். பொனட்டில் அவருடைய ஈரக் கைகள் இரண்டும் பதிந்திருந்தன.

காரை ஓரத்தில் தள்ளிவிட நாலு பேர் வந்தார்கள். றஹ்மா வேலிக்கரையில் என்னை இருத்திவிட்டுச் சொன்னாள்: "ஃபைஸல் நானாவுக்கு நீ சொல்லுறியா, நான் சொல்லவா?"

"சொன்னா ஓட விடமாட்டார்."

"சொல்லாட்டி இன்னொருக்கா ஆரையாவது அடிப்பாய். அப்ப நீயே ஓடமாட்டாய்."

ஓகஸ்ட் 2, சனி

கார் முற்றத்தில். நான் வெளியே போகவில்லை. போனை எடுத்து, வைத்து, எடுத்து.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மூன்று தரம் பதிந்து அழித்தேன். நாலாவதை அனுப்பினேன். முழங்கால், டொக்டர், தலவில, எல்லாம். கடைசியில், "வேலைய விட்டிட்டு வரவேணாம். இது வாறதுக்குச் சொல்லுற கதையில்ல. நான் தொடர்ந்து ஓடவேணும், அதுக்குச் சொல்லுறன்" என்றேன்.

கேட்டுவிட்டார்.

ஓகஸ்ட் 4, திங்கள்

காலையில் பஸ்ஸில் போனேன். இடைவேளையில் அவருடைய பதிவு வந்திருந்தது. திறக்கப் பயம். கடைசிப் பாடம் முடியும் வரை கைப்பைக்குள் கிடந்தது.

பாடசாலை வாசலில் நின்று போட்டுக் கேட்டேன். "எந்தக் கால்? கிளச் மிதிக்கிற காலா?" பிறகு: "நான் இங்க இருந்து அந்தக் கிளச்ச ஆசையாத் தேடினன் நிஃப்லா. ஆர் மிதிக்கிற எண்டு யோசிக்கேல்ல. நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

கோபமா, கவலையா? திரும்பத் திரும்பப் போட்டும் பிடிபடவில்லை. இரண்டாவது பதிவு சிவகுரு அண்ணனுக்கு. "அண்ணன், இனி என்னட்டக் கேக்காதீங்க. அவ மிதிச்சுப் பாத்து என்ன சொல்லுறாவோ அதப் போடுங்க."

ஓகஸ்ட் 9, சனி

சிவகுரு அண்ணன் பதிவைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பூட்டாமல் எப்பிடி ரீச்சர் மிதிச்சுப் பாக்கிறது?" பிறகு கராஜ் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். திருத்த வந்த வாகனங்கள் வரிசையாக நின்றன. "வாங்கோ. இண்டைக்கு உங்கட காலுக்குத்தான் சோதனை."

ஒவ்வொன்றிலும் ஏற்றினார். டிப்பர் லொறியில் ஏறும்போதே வேண்டாம் என்றேன். யாரோ ஒருவரின் பழைய ஜீப், பெடல் கல். ஒரு பந்தயக் கார், அதன் சொந்தக்காரர் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றிலும் மிதித்துப் பிடித்துக்கொண்டு, முழங்கால் எப்போது பேசத் தொடங்குகிறது என்று பார்த்தேன். துணைக்கு வந்த றஹ்மா கதிரை போட்டு இருந்துகொண்டாள்.

"அண்ணன், கலியாணத்துக்குச் செருப்பு எடுக்கவும் இவ இவ்வளவு நேரம் எடுக்கேல்ல."

"செருப்பெண்டாக் கடிச்சாக் கழட்டலாம் தங்கச்சி."

கடைசியாக ஒரு மீன்கார வான். உள்ளே சூடை மீன் மணம், காலடியில் செதில். பெடல் வெண்ணெய் இல்லை, ஆனால் காலோடு சண்டை போடவில்லை. பிடித்துக்கொண்டே றஹ்மாவோடு கதைத்தேன். வலி வந்து கதையை நிறுத்தவில்லை.

"இதுதான் அண்ணன்."

"இது வலு லேசு ரீச்சர். இந்த அளவு வில்லால உங்கட எஞ்சினப் பிடிக்கேலாது."

இரட்டைப் பிளேட் என்று ஒன்று இருக்கிறது. உரசும் முகங்கள் இரண்டு மடங்கு, வில் லேசாக இருந்தாலும் பிடிக்கும். கணக்கில் அழகானது. அது ஜப்பானிலிருந்து வரவேண்டும், எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. சிவகுரு அண்ணனும் அதைப் பூட்டிப் பழகியவர் இல்லை.

"அப்ப எஞ்சினக் குறைங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. "இந்தப் பெடலுக்கு எவ்வளவு பிடிக்குமோ, பூஸ்ட அவ்வளவுக்கு இறக்குங்க. பிளேட் முழுவட்டமா இருக்கட்டும், துள்ளாத சாதி."

பிள்ளைக்கு வைத்த பெயரை மாற்றச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "தம்பி மூண்டு கிழமை என்னோட நிண்டு ஏத்தின பூஸ்ட் ரீச்சர் இது."

"தெரியும்."

எனக்கும் அது வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஓகஸ்ட் 23, சனி

முடிந்தது. திரும்பி வரும்போது தலவிலச் சந்தி தாண்டினேன். வீதி நேரானது. மிதித்தேன். கார் போனது, நல்லபடியாகவே போனது. முதுகு ஒட்டவில்லை.

வீட்டுக்கு வந்து காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கம். முழங்கால் வலிக்கவில்லை.

பூஸ்ட் குறைத்ததை ஃபைஸலுக்குச் சொன்னேன். "ஓம்" என்று ஒரு சொல் எழுதி அனுப்பினார். பேசி அனுப்பவில்லை.

செப்டெம்பர் 2, செவ்வாய்

லொறிக்குப் பின்னால் அதிக நேரம் நிற்கிறேன். றஹ்மா காருக்குள் தூங்கத் தொடங்கியிருக்கிறாள்.

ஒக்டோபர் 11, சனி

ஃபைஸல் லீவில் வந்துவிட்டார். மெலிந்து, கறுத்து. முற்றத்தில் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், தொடவில்லை. உள்ளே வந்து படுத்தார். நான் அந்த 'ஓம்' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு சமைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஒக்டோபர் 12, ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். சமையலறையில் நின்று காரின் சத்தத்தைக் கேட்டேன். கற்பிட்டிப் பக்கம் சத்தம் ஏறியது, முன்பு ஏறும் இடத்துக்கு ஏறாமல் நின்றுவிட்டது. பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வந்தார். கை கழுவினார்.

"எப்பிடி?"

"மெதுவாத்தான் எழும்புது."

சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "கால் நோகுதா?" என்றார். முந்தி மாதிரி இல்லை என்றேன். தலையசைத்தார். முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை. நாளைக்கே பாலாவிக்குப் போய்ப் பூஸ்டை ஏற்றச் சொல்வாரா? அவருடைய கார்தானே. ஏற்றினால் இந்தப் பிளேட் திரும்ப வழுக்கும். திரும்ப அந்தப் பெட்டி, அந்த வில். நான் என்ன சொல்வேன்? இந்த முறை சொல்வேனா?

ஒக்டோபர் 13, திங்கள்

விடியப் புறப்படும்போது அவர் தூக்கம். காரைத் திறந்தேன். கால்விரிப்பில் கடற்கரை மணல். அவர் என்னைவிட ஒரு தலை உயரம். அவர் ஓடிவிட்டு வைத்த காரில் ஏறினால் எப்போதும் இருக்கை பின்னுக்குப் போயிருக்கும், பின்பார்வைக் கண்ணாடி கூரையைப் பார்க்கும்.

ஏறி உட்கார்ந்து இடது காலை நீட்டினேன். இருக்கை திரும்ப முன்னுக்கு வந்திருந்தது; பெடல் என் காலுக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. கண்ணாடியைத் திருத்தக் கையை உயர்த்தினேன். அதில் வாசலும் வீதியும் நேராகத் தெரிந்தன. திருத்த ஒன்றும் இருக்கவில்லை.